பதினான்கு வருஷம் கழித்து மீன்

மகள் கூடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் ஐஸ் போட்டுக் கட்டிய பொட்டலம். குன்னூரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அவளுக்கு வேலை. மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்குமுன்பே வாடை சொல்லிவிட்டது.

"நெய்மீன்மா. முள்ளு கம்மி. தாய்லாந்துக்காரங்க பண்ற மாதிரி ஃபிஷ் கேக் செஞ்சு தரேன். எங்க ஹோட்டல்ல அத நான்தான் போடறேன்."

துணிப்பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள் மீன் வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. சேரம்பாடிப் பக்கம் இதே எஸ்டேட், வரிசையாகக் கட்டிய இதே லைன் வீடு. என் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து, காலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகள் வருமுன் கதவைத் திறக்க வேண்டும். முந்தின நாள் வைத்த மத்திக் குழம்பு இருந்தது. மகளுக்கு நான்கு வாய் ஊட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தலைவாரத் திரும்பினேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இருமலுமில்லை, அழுகையுமில்லை.

சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னோம். வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தோம். எதுவும் இறங்கவில்லை. எச்சிலில் ரத்தம் கலந்து வந்தது. பக்கத்து லைன்காரர் ஜீப்பை எடுத்தார்.

இரண்டு வளைவு தாண்டியதும் யானைகள். தேயிலைக்குள்ளிருந்து இறங்கி ரோட்டில் நின்றன. குட்டி கூட இருந்ததால் நகர்வதாக இல்லை. ஃபாரஸ்ட் வாட்சர் ஓடிவந்து, "ஹாரன் அடிச்சிராதீங்க, இன்ஜின ஆஃப் பண்ணுங்க" என்றார். எச்சிலை விழுங்க முடியாமல் மகள் என் சேலையில் ஒழுகவிட்டபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூடலூரில் டாக்டர் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, இடுக்கியால் எடுத்துவிட்டார். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் முள். "பயப்படாதீங்கம்மா, வந்துருச்சு" என்றார். அவள் உடனே ஐஸ்கிரீம் கேட்டாள்.

அன்று சாயங்காலம் மீன்சட்டியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் பள்ளத்தில் வீசினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவசரத்தில் முள் பார்க்காமல் ஊட்டியது நான். அது அவருக்குத் தெரியும், சொல்லிக்காட்டக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். அப்படியே நினைத்துப் பதினான்கு வருஷம் போயிற்று. கேரளாவிலிருந்து பைக்கில் வரும் மீன்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார்.

மகள் அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மீனைத் தோலுரித்து, விரலால் தடவித் தடவி, ஹோட்டலில் இருந்து கொண்டுவந்த சின்ன இடுக்கியால் முள் ஒவ்வொன்றாக எடுத்தாள். காய்ந்த மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், வேலியோரம் வளர்ந்து கிடக்கும், எலுமிச்சை வாசமடிக்கும் இஞ்சிப்புல்லின் அடித்தண்டு எல்லாவற்றையும் மீனோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்தாள். தாய்லாந்தில் போடும் எலுமிச்சை இலைக்குப் பதிலாக நாரத்தை இலையை நூல்போல நறுக்கினாள். ஒரு பாட்டிலைத் திறந்தாள்; கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி வீச்சம்.

"மீன் சாஸ்மா. வெந்ததும் இந்த வாசம் போயிரும்."

அரைத்த மீனை அள்ளி அள்ளிப் பாத்திரத்தில் ஓங்கி அடித்தாள். அடித்தால்தான் ரப்பர் மாதிரி இழுவை வருமாம். வாசலில் இருந்து அவர் எட்டிப் பார்த்தார். "துணி தொவைக்கிறியா, சமைக்கிறியா?"

அவள் பீன்ஸ் நறுக்கப் போன நேரம், பாத்திரத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனேன். தட்டில் பரப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வழித்துப் போட்டு மறுபடி பரப்பினேன். மூன்றாவது தடவை பரப்பும்போது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"தொண்டையில மாட்டுனது எனக்கு. எனக்கே பயமில்ல, உனக்கென்னம்மா?"

பாத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் பீன்ஸைக் கலந்து, கையில் தண்ணீர் தொட்டு, வட்டம் வட்டமாகத் தட்டி எண்ணெயில் போட்டாள். உப்பி எழுந்து பொன்னிறமானது. தொட்டுக்கொள்ள வினிகரில் சர்க்கரையும் வெள்ளரிக்காயும் பச்சை மிளகாயும்.

"மீன் வடைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்று அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

நானும் ஒன்றை எடுத்தேன். புளிப்பும் உறைப்பும் நாரத்தை மணமும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கடியில் பல்லுக்கடியில் 'நறுக்'கென்றது. வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினேன். "சாப்பிடாதீங்க! துப்புங்க!" என்று கத்திவிட்டேன்.

மகள் என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அம்மா, இது புல்லு. இஞ்சிப்புல்லோட நார். சரியா அரையல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "நாந்தான் அன்னிக்கு முள்ளுப் பாக்காம உனக்கு ஊட்டுனேன். அவசரத்துல."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "நீ ஊட்டுனதுல எங்க முள்ளு இருந்துச்சு? நீ தலைவாரத் திரும்புனதும் அப்பா தட்டுல இருந்து ஒரு துண்டு நானே எடுத்து வாயில போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. வால்பக்கத் துண்டு."

நான் அவரைப் பார்த்தேன். கையில் இருந்த பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"ஆமா" என்றார். "முள்ளெடுக்காத துண்டு. ஓரமா ஒதுக்கி வெச்சிருந்தேன். புள்ள கை நீட்டுனதப் பாத்தேன், தடுக்கறதுக்குள்ள போட்டுட்டா. நீயும் பாத்திருப்பன்னுதான் நெனச்சேன். நீ சட்டியத் தூக்கி வீசுனப்போ, கோவம் என்மேலதான்னு இருந்துட்டேன். அதான் மீனுன்னு வாயே தொறக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லங்க?"

"நீயும் கேட்டிருக்கலாம்."

அவர்மேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. நெஞ்சுக்கூட்டில் இருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்ல ஆளுங்க. ஐஸ்கிரீம் தின்னதுதான் எனக்கு மிச்ச ஞாபகம்" என்று சொல்லி, மீதி மாவைத் தட்ட எழுந்து போனாள்.

அன்று நான் ஆறு தின்றேன். அவர் எத்தனை தின்றார் என்று பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார்: "அடுத்த வாரம் மத்தி வாங்கலாமா?"

"மத்தி வேண்டாங்க" என்றேன். "இப்போதைக்கு நெய்மீன் போதும்."