பாத்திரம் கழுவுகிறவள் பேசினாளா?

சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் மாலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பட்டாசுத் தொழிலாளி அம்மா உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளில் வெள்ளியாய் மருந்துப்பொடி. பேசும்போதெல்லாம் ஒவ்வொரு விரலாக முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், அது போகவில்லை.

பஸ் டிவியில் ஏதோ நகைச்சுவை ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, ஓட்டல் அடுப்படியில நடக்குற காமெடி ஒண்ணு டிவியில வந்துச்சே, பாத்தீகளா? எட்டு வாரத்துல நிப்பாட்டிட்டாக. அதுல பாத்திரம் கழுவுற பொம்பள ஒரு வார்த்தை பேச மாட்டா. என்னைக்குப் பேசுவாளோன்னு காத்துக் கெடந்தோம். கடைசியில பேசுவாளா?”

அந்தத் தொடரை எழுதியவள் நான். கடைசி வாரத்தில் அவள் முதலாளியிடம் வாய் திறக்கிற காட்சியையும் எழுதி வைத்திருந்தேன். அதற்குள் தொடரை நிறுத்திவிட்டதால் அதைப் படம் எடுக்கவேயில்லை. தோற்றுப்போன தொடரை என்னுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

“தெரியலையேக்கா” என்றேன்.

“போகட்டும். திரி சொருகிக்கிட்டே நாங்களே அவளைப் பேச வச்சுட்டோம். கம்பெனியே சிரிச்சுச்சு” என்று சொல்லிவிட்டு வெம்பக்கோட்டையில் இறங்கிப் போனார்.

அவள் பேசுவதற்கு நான் எழுதியது ஒரே ஒரு வரி. அதைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் அவளை என்ன பேச வைத்தார்கள் என்றாவது கேட்டிருக்கலாம். பஸ் வெகுதூரம் போன பிறகுதான் அது எனக்குத் தோன்றியது.