சித்தியின் பக்கத்தில் ஒரு தவளை

எனக்குப் பத்து வயது நடந்தபோது சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவின் ஒரே தங்கை. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில், குழந்தைகள் போடும் பனியன்களில் அச்சாகிற படங்களை வரைவது அவள் வேலை. ஏழு வருடமாக வரைந்தாள். அவள் வரைந்த யானைகளும் ரயில்களும் கப்பலேறி எங்கெங்கோ போயின. எதன் கீழும் அவள் பெயர் கிடையாது. பனியனில் யாராவது பெயர் போடுவார்களா என்று அம்மா கேட்பாள்.

அந்த வருடம் சென்னையில் ஒரு ஆபீஸில் படம் வரைய ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. செய்த வேலைகளைக் காட்டும் வெப்சைட்டின் லிங்க்கை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சித்தியிடம் வெப்சைட் இருந்தது. இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரரிடம் சொல்லிச் செய்துவைத்தது அது. அதில் ஒரு படத்தை மாற்ற வேண்டுமென்றால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் நாளைக்கு என்பார். அந்த நாளை வருவதற்குள் சித்திக்கு அந்தப் படமே பிடிக்காமல் போயிருக்கும். அவள் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை எட்டு மாதமாகத் திருத்தப்படாமல் கிடந்தது.

அதனால் இந்த முறை தானே செய்துவிடுவதென்று உட்கார்ந்தாள். வீடியோவைப் பார்ப்பாள், நிறுத்துவாள், செய்து பார்ப்பாள், தலையில் கை வைத்துக்கொள்வாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. கடைசியில் அது வெகு சுலபமான ஒன்றாக வந்து நின்றது. போனில் ஒரு அட்டவணை. ஒரு வரியில் படம், பக்கத்தில் தலைப்பு, அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு விளக்கம். சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் வெப்சைட்டில் தெரியும். வரியை அழித்தால் போய்விடும். சின்னப் பிள்ளைக்கும் வருகிறதா என்று பார்க்க, கண்ணாடி விரிசல் விட்ட தன் பழைய போனை என்னிடம் கொடுத்துச் செய்யச் சொன்னாள். எனக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அந்தப் போன் என்னிடமே தங்கிவிட்டது.

கம்பெனிக்காக வரைந்த எதையும் அவள் அதில் வைக்கவில்லை. தனக்காக வரைந்த பதினொரு படங்களை மட்டும் வைத்தாள். ஏன் என்று எனக்குச் சொன்னாளா, சொல்லி நான்தான் காதில் வாங்கவில்லையா என்பது இன்றுவரை தெரியாது. ஞாயிறு மத்தியானம் லிங்க்கைச் சென்னைக்கும், உடன் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போனாள்.

எனக்கு ஒரு குறை இருந்தது. தவளையைக் காணோம். குடை பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு தவளை. எங்கள் சாப்பாட்டு மேசையில் என் கண்ணெதிரே வரைந்தது. தவளைக்குப் பல் ஏது என்று கேட்டதற்கு, உனக்குந்தான் முன்பல் இல்லை, நீ சிரிக்கவில்லையா என்றாள். அதனால் அது பாதி என்னுடைய தவளை. ஃபைலில் இருந்த அதன் பென்சில் படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ பிடித்து, பன்னிரண்டாவது வரியாகச் சேர்த்தேன். விளக்கத்தில் ‘என் சித்தி வரைந்த தவளை. பாப்பா பனியனுக்கு’ என்று எழுதினேன். எழுந்ததும் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பெனி மேனேஜரிடமிருந்து போன் வந்தது. சித்தி ‘ஆமாங்க’ என்றாள், ‘இல்லீங்க’ என்றாள். போனை வைத்துவிட்டு வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சீசன் ஆர்டருக்காகக் கம்பெனிக்கு வரைந்தது அந்தத் தவளை. இன்னும் வெளியே யார் கண்ணிலும் படக் கூடாத படம். லிங்க் கை மாறிக் கை மாறி, ஆர்டர் கொடுத்தவர்களின் உள்ளூர் ஏஜெண்டிடமே போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி நேராகத் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்.

என்னை அவள் திட்டவில்லை. “ஏறு கண்ணு, போகப் போக அழிச்சுட்டு வா” என்று மட்டும் சொல்லி ஸ்கூட்டியை எடுத்தாள்.

பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டை விரலால் அந்த வரியை அழித்தேன். அட்டவணையில் போய்விட்டது. வெப்சைட்டைத் திறந்தால் தவளை சிரித்தது. மூடித் திறந்தேன். சிரித்தது. ஆட்களை ஏற்றிய கம்பெனி வேன்கள் எங்களை ஒட்டி முந்திக்கொண்டு போயின. “போயிருச்சா?” என்று திரும்பாமலே கேட்டுக்கொண்டு வந்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதோ போகிறது, இதோ போகிறது என்றேன். போனில் சிக்னல் ஒரு கோடாக இறங்கி ஏறியது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கையெழுத்து வாங்கும்போதும் தவளை இருந்தது. மாடிப்படியில் பாதி ஏறியபோது திறந்தேன். பதினொரு படங்கள்தான் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறையில் முதலாளியும் அவருடைய மகனும் இருந்தார்கள். மகன் வெளியூரில் டிசைன் படித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னார். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

படத்தை எடுத்துவிட்டதைச் சித்தி காட்டினாள். வெளியே தெரிந்தது தப்புத்தான், இனிமேல் நடக்காது என்றாள். அவர் தலையாட்டிவிட்டு ஒரு தாளை நகர்த்தினார். அதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது என்றார். சித்தி படித்தாள். தவளையை வரைந்தது அவருடைய மகன் என்றும், தன்னுடையது என்று சித்தி காட்டியது தவறு என்றும் அதில் எழுதியிருந்தது. ஆர்டர் கொடுத்தவர்களிடம் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். மகன் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

சித்தி பேனாவைத் தொடாமல் இருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. “நான்தானுங்க போட்டேன், சித்திக்குத் தெரியாது” என்று அழுதேன்.

முதலாளியின் முகம் தெளிந்துவிட்டது. “இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ. கொழந்தை தெரியாம போட்டுருச்சு, படம் உங்களுது இல்லைன்னே எழுதிக்கலாமுங்க. உங்க மேலயும் ஒண்ணும் வராது” என்றார்.

நான் பிழைத்தேன் என்று நினைத்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“போட்டது நான்தானுங்க. வரைஞ்சதும் நான்தானுங்க.”

அன்றோடு அந்த வேலை முடிந்தது. சென்னையிலிருந்து பதில் வரவே இல்லை. அம்மா ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. சித்தி காதர்பேட்டைக் கடைகளுக்குப் பனியன் பெட்டியின் மேலட்டைக்குப் படம் வரைந்துகொடுத்தாள். அட்டவணையில் ஒவ்வொரு வரியாகக் கூடியது. பத்து மாதம் கழித்து, அந்த வெப்சைட்டைப் பார்த்துவிட்டு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அதன்பிறகு அவளுக்கு வேலை நிற்கவில்லை. சொன்ன சொல்லுக்காகத் தவளையை மட்டும் அவள் திரும்ப வைக்கவே இல்லை.

நானோ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்புச் செய்தது நான், என்னைக் காப்பாற்றச் சித்தி தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டாள் என்று. கல்லூரி முடிக்கும்வரை அப்படியேதான் சொன்னேன். சித்தி பக்கத்தில் இருந்தால் கேட்டுச் சிரிப்பாள், திருத்த மாட்டாள். அவள் சொன்னதில் முதல் பாதிதான் எனக்குக் கேட்டிருந்தது. அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு, ‘வரைஞ்சதும் நான்தானுங்க’ என்ற இரண்டாவது பாதி மட்டும்தான் கேட்டிருக்கும்.