பாய்மரத்துக்கு வாங்கிய உத்திரம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதான். பல்லுக்காரர் இதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் நேரம் மாறவில்லை, அளவு மாறவில்லை. சொல்லி முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவியதும் மாறவில்லை.

பல் செட் செய்வது அவர் தொழில். அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாதவர். யாரோ ஒருவர் வாயில் பத்து வருஷம் கிடந்த பல் செட்டை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் பிஸ்கட் தின்கிற ஆள். அவருக்கு ஒரே ஓர் ஆசை. வீட்டு கார் ஷெட்டில் தன் கையாலேயே ஒரு பாய்மரப் படகு கட்ட வேண்டும். காரை வெயிலில் நிறுத்திவிட்டு இரண்டு வருஷமாகச் சாமான் சேர்த்தார். தண்ணீர் தாங்கும் பிளைவுட் ஒரு கடையில், செம்பு ஆணி வேறொரு கடையில், பாய்க்குத் துணி ஒரு கூடாரம் தைப்பவரிடம். மனைவி அந்தப் படகுக்கு ‘சக்களத்தி’ என்றே பெயர் வைத்துவிட்டாள்.

எல்லாம் வந்தது. பாய் கட்டும் மரம் மட்டும் கிடைக்கவில்லை. பதினைந்தடி நீளம், கணு இருக்கக் கூடாது, ஒட்டுப் போடாத ஒரே மரம். போன கடையிலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்த கதைதான். கடைசியில், வீடு இடித்த சாமான் விற்கிற கடையில் ஓர் உத்திரம் அகப்பட்டது. மற்ற மரங்களை விட்டுத் தள்ளி, மூலையில் தனியாகச் சாத்தியிருந்தது. நூல் பிடித்தாற்போல் நேர். அறுபது வருஷம் ஒரு கூரையைத் தாங்கியது என்றார் கடைக்காரர். அவர் சொன்ன விலையில் பாதி கேட்டதும், மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏற்றிவிட்டார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம், மணி 3.10. இழைப்புளியை வைத்துத் தள்ளினார். காய்ந்த மரத்தில் சீவல் சுருண்டு விழ வேண்டும். விழவில்லை. ஈரத்தோடு பிளேடில் ஒட்டிக்கொண்டது. மரத்தைத் தடவிப் பார்த்தார். பிசுபிசுத்தது. மோந்தார். திரிந்த பாலும் கழுவாத தலையும் கலந்த நாற்றம். உள்ளங்கையில் மஞ்சளாக, ஆறிப்போன கொழுப்பு மாதிரி ஏதோ படிந்திருந்தது. மூன்று தடவை சோப்பு போட்டார். அப்படியும் ராத்திரி சாப்பாட்டில் அதே வாடை. அவர் தட்டைத் தள்ளிவைத்ததை மனைவி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் மரம் சுத்தமாக உலர்ந்திருந்தது. பிசின் ஏதாவது கசிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மதியம் சரியாக 3.10-க்கு அது மறுபடி வேர்க்க ஆரம்பித்தது... துளித் துளியாக.

நடுமரத்தில் ஒரு முடி தெரிந்தது. மேலே ஒட்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து வந்திருந்தது. அங்கே விரிசலும் இல்லை, துளையும் இல்லை.

குறடால் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு சாண்... ஒரு முழம்...

வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

“க்ஹ்...”

மனைவி இருமுகிறாள் என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

“க்ஹ்... க்ஹ்ஹ்...”

நிறுத்தினார். சத்தமும் நின்றது.

அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, இன்னொரு தடவை வேகமாக ஓர் இழுப்பு இழுத்தார். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது என்றார்.

ஷெட் வாசலில் மனைவி வந்து நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது. இரண்டு விரல் தொண்டைக்குள் இருந்தது.

“எடுங்க...”

அவர்தான் எடுத்தார். நாக்குக்குப் பின்னாலிருந்து, கோழையோடு, நூல் உருவுகிற மாதிரி... வந்துகொண்டே இருந்தது.

கறுப்பு. மெல்லிசு. இரண்டு முழம்.

அவள் தலை நரைத்த கிராப்பு. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

திங்கட்கிழமை காலையிலேயே உத்திரத்தைக் கடையில் திருப்பிப் போட்டார். நீளம் சரிப்படவில்லை என்று ஒரு பொய் சொன்னார். உண்மையைச் சொல்ல வெட்கம். மரத்தில் வந்த முடியையும் வாயில் வந்த முடியையும் பல் செட் வைக்கிற டப்பிகளில் போட்டு, பரிசோதனைக்கூடம் வைத்திருந்த சகலையிடம் அன்றைக்கே கொடுத்தார். சகலை வெளியூர் போய்விட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் போன் செய்தார்.

“ரெண்டும் ஒரே தலை முடி மாதிரிதான் இருக்கு. சின்னப் புள்ளையோடது.”

“பழசா?”

“இல்ல சகலை. நீங்க குடுத்த அன்னைக்கே பாத்தேன். வேர்ல ஈரம் காயல. பிடுங்கி ஒரு நாள்தான் இருக்கும்.”

பல்லுக்காரர் போனைக்கூட வைக்காமல் மரக்கடைக்கு ஓடினார். உத்திரம் இல்லை. திருப்பிப் போட்ட மறுநாளே ஒரு தச்சர் வாங்கிப் போய்விட்டாராம். விசாரித்துக்கொண்டு தச்சர் பட்டறைக்குப் போனார். தச்சர் அந்த மரத்தை நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தார். சுத்தமாகக் காய்ந்த நல்ல மரம் என்றார். அறுத்து, நான்கு சின்னக் கட்டிலுக்குக் கால் போட்டுவிட்டாராம். குழந்தைகள் படுக்கிற கட்டில்.

“ஒண்ணு மட்டும் நேத்து திரும்பி வந்துடுச்சுங்க. வாங்கின அம்மா ஒரே அழுகை. காலையில எந்திரிச்சு பாத்தா, பொண்ணு தலையில ஒரு பக்கம் முடி கொத்தாக் காணோமாம்.”

“மத்த மூணும்?”

“வித்துப்போச்சு. எந்த வீடுன்னு யாரு கேட்டு வச்சா?”