பிள்ளையாருக்குக் கேட்கும்படி

எங்கள் மாமாவுக்கு விளக்கம் தெரிந்த சாமி ஒன்றே ஒன்றுதான், பிள்ளையார். அந்த ஒரு சாமியை வைத்துக்கொண்டு புயல் காலம் தொடங்கிக் கரும்பு வெட்டு வரைக்கும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்தினார்.

அப்போது நாங்கள் எங்கள் தீவில் தேர் ரூஜ் ஊருக்கு அப்பால் ஒரு கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தோம். யுத்தகாலம். அரிசி வராததால் மரவள்ளிக் கிழங்கும் சோளமாவும் தின்றோம். வேறு தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்து துப்பாக்கி வெடித்திருந்தது. அதனால் எங்கள் தோட்டத்தில் ஆட்கள் சேர்ந்து நின்றாலே நிர்வாகத்துக்குப் பிடிக்காது. கூட்டம் போட்டதாகத் தெரிந்தால் வேலை போகும். வீடு தோட்டத்துடையது என்பதால் வீடும் போகும். அப்பா அதற்கு முன்பே இப்படி ஒரு தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர். சட்டிபானையைத் தலையில் வைத்து நடந்து வந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. நடந்துகொண்டே இருக்கலாம், யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பாடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கோயில் என்பது ஒரு தகரக் கொட்டகை. முன்னால் மாரியம்மன் கல், பக்கத்தில் சுவரில் பிள்ளையார் படம். நாங்கள் கோணிப்பையில் உட்காருவோம். பெரியவர்கள் பின்னால் சுவரோரமாக உட்காருவார்கள். மாமா ஒரு கரும்புக் குச்சியால் படத்தைத் தொட்டுக் கேட்பார்.

"காது?"

"நிறைய கேக்கணும்!"

"கண்ணு?"

"சின்னதையும் பாக்கணும்!"

"வயிறு?"

"நல்லது கெட்டது எல்லாத்தையும் செரிக்கணும்!"

வயிறு வரும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். செரிப்பதற்கு என்ன இருந்தது? எலி வரும்போது மாமா குச்சியை என் பக்கம் நீட்டுவார். "ஒரு இடத்துல நிக்காத மனசு. படத்துல சரியாத் தெரியலன்னா இவளப் பாத்துக்கோங்க."

வீட்டில் கிரியோல், அதாவது தீவின் பிரெஞ்சு கலந்த மொழி, பேசுகிறவர்கள் நாங்கள். பாதித் தமிழ் புரியாமலேதான் சொன்னோம். அதைப் பற்றி மாமாவுக்குக் கவலையில்லை. சத்தம்தான் அவருக்கு முக்கியம். "இன்னும் கத்து, இன்னும்" என்று கையை உயர்த்திக்கொண்டே இருப்பார். கத்துவதில் நான்தான் முதல். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வெளியே நிற்க வைக்கப்பட்ட எனக்கு, சத்தம் போட்டதற்காகத் தலையில் தட்டிக் கொடுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது.

எனக்கு இருந்த ஒரே குறை பெரியவர்கள்தான். எங்களைச் சாக்காக வைத்துக் கோயிலுக்கு வந்துவிட்டு, பாடத்தைக் கவனிக்காமல் தலையைச் சேர்த்து வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாதான் அதிகம் பேசியது. நான் அப்படிச் செய்தால் அம்மா "ரெஸ் த்ராங்கில்" என்று தொடையில் கிள்ளுவாள். சும்மா இரு என்று பெரியவர்களை யாரும் கிள்ளவில்லை.

வேறு சாமி வேண்டும் என்று நான் நச்சரித்துப் பார்த்தேன். "முருகனுக்கு ஏன் ஆறு மூஞ்சி?" என்றால், "முதல்ல இவரோட ஒரு மூஞ்சிய முடி" என்பார்.

வெட்டு தொடங்க இருந்த ஒரு ஞாயிறு. பாடத்தில் காது வந்தது. எனக்குச் சலித்துப் போயிருந்தது. எழுந்து நின்று கேட்டேன்.

"மாமா, எல்லாத்தையும் கேக்கத்தானே அவருக்கு அவ்ளோ பெரிய காது? அப்புறம் நாம ஏன் கத்தணும்?"

பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மாமாவைப் பார்த்தார்கள். அந்த அமைதியில் பின்னாலிருந்து அப்பாவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"…ஒருத்தரும் கத்தியத் தொடக்கூடாது. மில்லு காத்துக் கிடக்கட்டும்."

அவரும் நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் வாசலில் சிர்தார் நிற்பதைப் பார்த்தோம். வயலில் எங்கள் ஆட்களை மேய்ப்பவர் அவர். தமிழர்தான். ஆனால் சாயங்காலமானால் நிர்வாகியின் வராந்தாவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்.

"இங்க என்ன நடக்குது?" என்றார்.

"பிள்ளைங்களுக்குச் சாமி பாடம், சிர்தார்," என்றார் மாமா.

"பெருசுங்களுக்குமா?"

"அதுங்களுக்கும்தான் ஒண்ணும் தெரியாதே."

யாரும் சிரிக்கவில்லை. சிர்தார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நல்ல கேள்வி கேட்டுச்சு. பதில் சொல்லு."

மாமா குச்சியால் படத்தின் காதைத் தொட்டார். "அது… பக்தி, சிர்தார்."

"பக்தியா." அவர் சுவரோரம் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்பாவிடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். "சரி, பக்தி. அடுத்த வாரம் என் பொண்ணையும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை. அம்மா பாத்திரங்களை ஒரு மூட்டையாகக் கட்டி வாசலருகே வைத்துவிட்டாள். "பொண்ண எதுக்கு அனுப்பறான்? இங்க கேட்டத அங்க போய் சொல்லத்தான்," என்றாள். "பாடத்த நிறுத்திடு."

"நிறுத்தினா, அது பாடமே இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் அக்கா," என்றார் மாமா. நான் மூட்டையைப் பார்த்துவிட்டு, மறுபடி நடக்கப்போகிறோம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சிர்தாரின் மகள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல், துவைத்த கவுன். நேராக வந்து முன்வரிசையில், என் கோணியில், என்னைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல், அவளுடைய முதுகைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமாவின் குரலே எழும்பவில்லை.

"காது?"

அவள் கத்தினாள். அப்படி ஒரு தொண்டையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தகரம் அதிர்ந்தது. வெளியே கோழி சிறகடித்து ஓடியது. மாமா குச்சியைத் தாழ்த்திவிட்டார்.

"ஏம்மா, இவ்ளோ சத்தமா?"

"அப்பா சொன்னாங்க. மில்லு கேட் வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லணுமாம். நடுவுல நிறுத்தவே கூடாதாம்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு மாதிரியும் இருந்தது. சற்று நேரத்தில் பின்னால் பழைய குசுகுசுப்பு தொடங்கியது.

"கண்ணு?" என்றார் மாமா, இப்போது பலமாக.

வளர்ந்த பிறகு நான் இதே தீவில் பீனிக்ஸில் துணி துவைத்தேன், கிராண்ட் பேயில் மீன் கழுவினேன், ஓரிடத்திலும் அதிக நாள் தங்கியதில்லை. ஆனால் அந்த ஞாயிறு பட்ட ஆத்திரத்தை வேறெங்கும் பட்டதாக நினைவில்லை. வயிற்றுக்கும் கொம்புக்கும் எலிக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். அவளை மிஞ்ச முடியவில்லை. பாடம் முடிந்ததும் மாமா அவள் தலையில்தான் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஒருநாளும் அப்படிச் செய்யாதவர். நான் இறங்க வேண்டுமென்று உதைத்தேன். அவ்வளவு பெரிய வீடும் துவைத்த கவுனும் இருக்கிற சிர்தார், எனக்கென்று இருந்த அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்ளத் தன் மகளை அனுப்பியிருக்கிறார். அது தெரிந்தும் இவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.