கருவாட்டுத் தண்ணி குடித்த பலாமரம்

தம்பி நறுவிலிக்குளத்தில் பெண் எடுத்தான். பொம்பிளையோடு, என் புது மச்சாளோடு, ஒரு பால்மாத் தகரப் பேணியும் வந்தது. அதற்குள் ஒரு பலாக்கன்று. மச்சாளின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பலாக்காய்க் கறி இல்லாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது, எங்களுக்கு மீன் போல.

"இந்த உவர் மணலில கழுதையும் பனையும்தான் வளரும்" என்று தம்பி சிரித்தான். மச்சாள் விடவில்லை. கிணற்றடியில் நட்டு, கழுதை கடிக்காமல் சுற்றிவர ஓலை அடைத்து, ஆட்டெரு போட்டு வளர்த்தாள்.

கன்று என் உயரம் வந்த வருசம், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போனாள். "அண்ணி, எம் மரத்தப் பாத்துக்கிடுங்க" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மீன் கழுவின தண்ணி மரத்துக்குப் பலம் என்பார்கள் எங்கள் பக்கம். அதுவே பலமென்றால், கருவாடு ஊறின தண்ணி எவ்வளவு பலம்! உப்புத் தொட்டியில் கிடந்ததை இரண்டு வாளி அள்ளி அன்போடு ஊற்றினேன். ஒரு கிழமையில் இலை கருகி, பெரிய வெள்ளிக்கிழமை துணி களைந்த கோயில் பீடம் போல மரம் வெறுமையாய் நின்றது.

பதறிப்போய் மேல்மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, தினமும் குடம் குடமாக நல்ல தண்ணி ஊற்றினேன். மச்சாள் பிள்ளையோடு வந்தபோது ஏதோ நாலு தளிர் விட்டிருந்தது.

"காத்து, மச்சாள். இந்த முறை பொல்லாத காத்து" என்றேன்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான். நானும் குற்ற மனசோடு வருசக்கணக்கில் தண்ணி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

மரம் கூரைக்கு மேலே போனது, காய்தான் இல்லை. வலை வைக்கக் கொட்டில் போட வேண்டும், மரத்தைத் தறிக்கப் போறன் என்று தம்பி நின்றான். மச்சாளின் முகம் சுருங்கிப் போயிற்று. கடைசியாக ஒரு வழி இருக்கிறது என்றாள். ஒருத்தர் வெட்டுவேன் என்று மரத்தை வெருட்ட, மற்றவர் அதற்காகப் பிணை நிற்க வேண்டும். பயத்தில் அது காய்க்குமாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கோடாலியை நான் ஓங்கினேன். "காய்க்காத மரம் என்னத்துக்கு? வெட்டப் போறன்!"

"வேணாம் அண்ணி" என்றாள் மச்சாள், நல்ல பவ்வியமாக. "அது மேல குத்தமில்ல. கருவாட்டுத் தண்ணி குடிச்ச மரம், காய்க்கக் கொஞ்சம் சுணங்கும்."

கோடாலி கை நழுவியது. "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வந்த அன்னைக்கே மண்ண மோந்து பாத்தேன். அதுல என்ன, சாம்பார் வாசமா வந்துச்சி?"

"பிறகு ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீங்க மன்னிப்புக் கேட்டுட்டுத் தண்ணி ஊத்துறத விட்டிருப்பீங்களே!"

பார்த்துக்கொண்டு நின்ற தம்பி சிரித்த சிரிப்பில் கொட்டில் ஒரு வருசம் தள்ளிப் போனது.

மறுவருசம் அடிமரத்தில் இரண்டு காய். முதல் காயைக் கறி வைத்து, அகப்பையோடு என்னிடம் வந்தாள்.

"உப்புப் பாருங்க அண்ணி. அது உங்களுக்குத்தான் தெரியும்."