வக்கீலம்மா கை நனைத்த வீடு

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, ஏழு மணிக்குத் தருமபுரியிலிருந்து மாரண்டஹள்ளிப் பேருந்தில் ஏறினோம்: நான், மடியில் என் மகள், தங்கை மல்லிகா, வக்கீலம்மா. மல்லிகாவை அடித்து விரட்டிய மாமியார் வீட்டார், அவளுடைய ஒரு வயது மகனை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வாரமாயிற்று. அவனைக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

வக்கீலம்மா பெண்கள் சங்கத்துக்காரர். கறுப்புக் கோட்டு இல்லை, கையில் ஒரு துணிப்பை மட்டும். கோர்ட்டுக்குப் போகாமல் எதிராளி வீட்டுக்கு ஏன் போகிறார்? குளிர்காற்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவரை நம்பி வந்தது சரியா?

பாலக்கோட்டில் தக்காளிக் கூடையுடன் ஏறிய பெண் வக்கீலம்மாவைப் பார்த்து, "இன்னிக்கு யாரு வூட்ல பஞ்சாயத்துங்க?" என்றாள்.

"பஞ்சாயத்து இல்லக்கா, விருந்து," என்றார் வக்கீலம்மா.

விருந்தா?

மாரண்டஹள்ளியிலிருந்து கேழ்வரகுக் காடுகளினூடே மூன்று கிலோமீட்டர் நடை. மல்லிகாவை வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். மாப்பிள்ளை ஓசூருக்குப் போயிருந்தான். அந்த வீட்டில் கன்னடம்தான் புழக்கம். வக்கீலம்மாவும் மாமியாரும் கன்னடத்தில் பேசிச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. களி வந்தது. பிணக்குத் தீராத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. நனைத்தால் உறவை ஏற்றதாகிவிடும். நான் தட்டைத் தொடவில்லை. வக்கீலம்மாவோ இரண்டாம் உருண்டையும் கேட்டு வாங்கினார். விலைபோய்விட்டார் என்றே முடிவுகட்டினேன்.

கை கழுவியபின், வாசலில் கூடிய பெண்களுக்கும் கேட்கும்படி தமிழில் ஆரம்பித்தார். "ஆத்தா, உங்க சோத்தத் தின்னுட்டேன். இனி நானும் இந்த வூட்டு மனுஷிதான். கோர்ட்டு போலீசுன்னு உங்க மானத்த வாங்க மாட்டேன். ஆனா நம்ம வூட்டுப் புள்ள தாய்ப்பாலுக்கு ஏங்கலாமா?"

"சோறு போட்டது தப்பாப் போச்சே!" என்றார் மாமியார்.

"சாப்ட்டவங்கள வெளிய போன்னு சொல்லிருவியா?" என்று வாசலில் ஒருத்தி சிரித்தாள்.

நாங்களும் எழவில்லை, வாசல் பெண்களும் நகரவில்லை. கடைசியில் மாமியாரே பையனைத் தூக்கிவந்தார்.

திரும்பும் பேருந்தில் கேட்டேன்: "கன்னடத்துல அவங்களுக்கு என்னங்க வாக்குக் குடுத்தீங்க?"

"களி பதமாக் கிண்டியிருக்கீங்கன்னேன். நீ சாப்பிடாம வுட்டுட்ட."

பையன் பாட்டியைக் கேட்டு வீறிட்டான். "என்னத் தெரியலயே அக்கா," என்று மல்லிகா உடைந்தாள். தவறு செய்துவிட்டோமோ?

"அழட்டும் கண்ணு. உன் மடியில அழட்டும்," என்றார் வக்கீலம்மா.

பாலக்கோடு வருமுன் அழுகை நின்றது. தூங்கிவிட்டானா, மயங்கிவிட்டானா என்று பதறி எட்டிப் பார்த்தேன். சப்பும் சத்தம் கேட்டது. மல்லிகா முந்தானையை இழுத்து அவனை மறைத்துக்கொண்டாள்.