எண் இல்லாத குருவி

எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் ஒரு மாற்றுச் சாவி கீழ்த்தளத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில், பலகையில் வரிசையாகத் தொங்கும். அந்த அறையில் இருப்பவரைச் சாவிக்காரர் என்போம். சொந்தப் பெயர் என்னவென்று பத்து வருஷமாக நான் கேட்டதில்லை. அதற்கே வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீர் ஏற்றுவது, லிஃப்ட் நின்றால் கதவை நெம்பித் திறப்பது, மாடிப்படியில் ஃபியூஸ் போன பல்பை மாற்றுவது, குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு உருட்டிப் போவது எல்லாம் அவர்தான். அவர் அறையில் ஒரு கட்டில், ஒரு கெட்டில், ஒரே ஒரு நாற்காலி. மோட்டார் ஓடும்போது அந்த அறையில் நாம் பேசுவது நமக்கே கேட்காது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அவருக்குக் கூடுதலாக ஒரு வேலை. மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் நீள அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, கிறிஸ்துமஸ் மரத்தைக் கீழ்த்தளக் கூடத்தில் நிறுத்துவார். பிளாஸ்டிக் மரம். மூன்று துண்டு. கிளைகளின் அடியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சாயம் பூசியிருக்கும். சிவப்பு அடி வரிசை, நீலம் உச்சி. பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்த ஒவ்வொரு கிளையையும் கையால் விரித்து விடுவார். மூன்று மணி நேரம் பிடிக்கும். பிறகு வீட்டுக்கு ஒரு பொருளாக அவரவர் கொண்டுவந்து மாட்டுவார்கள். மணி, நட்சத்திரம், கண்ணாடி உருண்டை. அந்த மூன்று வாரமும் எங்கள் ஆட்கள் கூடத்தில் நின்று ஒருவரோடொருவர் இரண்டு வார்த்தை பேசுவார்கள். மற்ற மாதங்களில் லிஃப்டில் எதிரெதிரே நின்றாலும் தரையைத்தான் பார்ப்போம்.

இடது பக்கம் மூன்றாவது வரிசையில் அவருடைய பொருள் ஒன்றும் தொங்கும். அது யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பழைய பல்பு ஒன்றின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த குருவி. ஒரு பக்கம்தான் கண், அதுவும் சட்டைப் பொத்தான். ஆறு வயதில் அவர் மகள் செய்தது. அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, மோட்டார் சத்தத்தில் குடித்தனம் நடத்த முடியாது என்று மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெண்ணுக்குப் பத்து வயதான வருஷம், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இருபத்து நாலாம் தேதி காலையில் மோட்டார் படுத்துவிட்டது. செல்போனை அறையில் வைத்துவிட்டு, தொட்டிக்குள் இறங்கி மதியம்வரை அதோடு மல்லுக்கட்டினார். அங்கே பஸ் நிலையத்தில் அந்தக் குழந்தை மாமாவோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறது. மறுநாள் இவர் போய் நின்றபோது அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்றோடு போனிலும் பேசுவதை விட்டுவிட்டாள். அந்த இருபத்து நாலாம் தேதி, தண்ணீர் வரவில்லை என்று மூன்று தடவை கீழே இறங்கி வந்து கத்தியவன் நான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அவர்களுக்குள் இருந்த ஒரே போக்குவரத்து இதுதான்: கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை அவர் மரத்தைப் படமெடுத்து அனுப்புவார். குருவி நன்றாகத் தெரிகிற மாதிரி நின்று எடுப்பார். சிறிது நேரத்தில் "பாத்தேன்பா" என்று பதில் வரும். வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை. அவருக்கு அது போதுமா என்று கேட்காதீர்கள். அதுதான் இருந்தது.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே முன்னால் சொல்லி வைத்தேன்.

போன வருஷம் என்னைக் குடியிருப்போர் சங்கச் செயலாளராக்கினார்கள். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம். ரயில் நேர அட்டவணை தயாரிக்கும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். எண் போடாத எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். என் மனைவி இறந்த பிறகு, பதினேழாம் எண் வீட்டில் பரபரக்கும் கைக்கு வேலையும் இல்லை. மரத்தில் மாட்டும் ஒவ்வொரு பொருளிலும் வீட்டு எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினேன். பத்தாம் தேதி கையில் பட்டியலோடு மரத்தைச் சுற்றி வந்தேன். குருவியில் சீட்டு இல்லை.

"யாரோ காலி பண்ணிட்டுப் போனவங்களோடது போல. எடுத்துடுங்க," என்றேன் சாவிக்காரரிடம்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "சரி சார்," என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன் நான் கத்தியதைக் கேட்ட மனிதர் என்னிடம் எதைச் சொல்வார்?

இருபத்து நாலாம் தேதி காலை பத்து மணி இருக்கும். என் வாசலுக்கு வெளியே ஏணி போடும் சத்தம் கேட்டது. படிக்கட்டு பல்பை மாற்ற வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவர் போன் அடித்து நான் கேட்டதே இல்லை.

"பின்னாடி பக்கம் இருக்கும்மா," என்றது அவர் குரல். "போட்டோல விழல." அப்புறம், "ஆமாம்மா, இருக்கு." அப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏணி அசையவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். வழியை அடைத்துக்கொண்டு அப்படி என்ன வேலை என்று கேட்கத்தான் கதவைத் திறந்தேன், என் குணம் அப்படி. அவர் ஏணியின் நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பல்பு, இன்னொரு கையில் போன்.

"யாரு போன்ல?"

"பொண்ணு சார்."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

அப்போதுதான் சொன்னார். ஏணியை விட்டு இறங்காமலே, குருவி, பஸ் நிலையம், ஒற்றை வார்த்தைப் பதில் எல்லாவற்றையும் சொன்னார். படத்தில் குருவியைக் காணவில்லை என்றதும் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளே கூப்பிட்டிருக்கிறாள். தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள்.

"பயந்து பொய் சொல்லிட்டேன் சார். 'சரிப்பா'ன்னு வச்சிட்டா. நடந்ததைச் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருப்பா."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்து வந்தேன். எடுத்து வந்த பிறகுதான் அதில் என்ன எண்ணை எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். அவர் அறைக்கு எண் கிடையாது. என் எண்ணையே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"வேணாம் சார். அது உங்களோடது," என்றார். "நீங்க இன்னும் ஒண்ணும் மாட்டலையே. பதினேழு மட்டும்தான் காலியா இருக்கு."

ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவன் பட்டியலில் என் வீட்டையே விட்டிருக்கிறேன். அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான்.

கீழே இறங்கினோம். பையிலிருந்து குருவியை எடுத்து, பிரிந்திருந்த நூலைச் சுற்றிவிட்டு, இடது பக்கம் மூன்றாவது வரிசையில் மாட்டினார். சீட்டு இல்லாமல்தான். படமெடுக்கப் போனைத் தூக்கினார். நான் அதை வாங்கிக்கொண்டு, மரத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்றேன். எதுக்கு சார் என்றார். நில்லுங்கள் என்றேன். செயலாளர் குரல் அதற்காவது உதவியது.

ஒன்பது வருஷப் படங்களிலும் அவர் இல்லை. எடுப்பவரே அவர் என்றால் எப்படி விழுவார்? இரண்டு கையையும் தொடையோடு ஒட்டவைத்து, சாவிக்கொத்து தொங்க, குருவிக்குப் பக்கத்தில் நின்றார். அனுப்பினோம். எண் சீட்டு இல்லை என்று செயலாளர் குருவியைக் கழற்றச் சொன்னார், பின்னாடி இருக்கிறது என்று நான் சொன்னது பொய் என்று அதன் கீழே தன் விரலாலேயே தட்டினார். கூடத்தில் ஈ காக்கா இல்லை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதில் வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாத்தேன்பா. இவ்ளோ நரைச்சுப் போச்சா உங்களுக்கு?"

அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார். அவர் அறையில் கண்ணாடி கிடையாது.

"ரொம்பவா சார் நரைச்சிருக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா," என்றேன். "அவகிட்டயும் அப்படியே சொல்லுங்க."